மழை நாளில் வந்து பாருங்கள்

பாண்டிச்செல்வியின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் தனியாக நிற்கின்றன. மற்ற மூன்றும் வெந்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளங்கைப் பக்கமாக மடங்கிவிட்டன. அவற்றைக் காப்பாற்றியிருக்கலாம். தீக்காய வார்டிலிருந்து அவளை அனுப்பும்போது விரல்களுக்கு இடையில் துணி வைத்து, மட்டை கட்டி, ஆறு மாதத்துக்கு அவிழ்க்காதே என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாளே அவிழ்த்துவிட்டாள். வீட்டில் சோறு பொங்க வேறு ஆள் இல்லை.

அது 2014. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. பிளஸ் டூ முடித்து, டீச்சர் டிரெய்னிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வருடம் அப்பா படுத்துவிட்டதால் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள். ஆறு வருடம் திரி வைக்கும் வேலை. பக்கத்து அறையில் வெடிமருந்து கலக்கும்போது பற்றியது. அந்த அறையில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். இவள் கதவை நோக்கி ஓடி, சூடேறிய இரும்புத் தாழ்ப்பாளை வலது கையால் பிடித்து இழுத்தாள். நாற்பத்தொரு நாள் எங்கள் வார்டில் இருந்தாள். கடைசி இரண்டு வாரம், பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு வந்த மாத்திரைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பழகினாள். மருந்துச் சீட்டில் கிறுக்காதே என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவளை நான் பார்த்தது 2021இல். நான் ஓய்வு பெற்றுச் சாத்தூரில் இருந்தேன். ஒரு நாள் காலையில் வாசலில் வந்து நின்றாள்.

“நர்சம்மா, எடை பாக்குற மிஷின் இருக்கா?”

“எதுக்கு?”

“பள்ளிக்கூடம் ஆரம்பிச்சிருக்கேன்.”

“பள்ளிக்கூடத்துக்கு எடை மிஷின் என்னத்துக்கு?”

“பிள்ளைக எல்லாம் காத்தா இருக்குக. எம்புட்டுக் காத்துன்னு தெரிய வேண்டாமா?”

அந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமை தோறும் நான் ஓடைக்கரைப்பட்டிக்குப் போக ஆரம்பித்தேன்.

ஊர் அச்சங்குளத்துக்குத் தெற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. நாற்பத்தாறு வீடுகள். முன்பு காட்டு வேலைக்குப் போனவர்கள், இப்போது எல்லோரும் பட்டாசுக் கம்பெனி. ஒரு காலத்தில் ஓராசிரியர் பள்ளி இருந்தது. பிள்ளைகள் போதவில்லை என்று மூடிவிட்டார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடம் மூன்றரை கிலோமீட்டர். நடுவில் ஓர் ஓடை, அதன்மேல் தரைப்பாலம். பாலத்தில் தண்ணீர் ஏறினால் பெரிய ஆட்களே இறங்கத் தயங்கி நிற்பார்கள். மழை இல்லாத நாளிலும் ஐந்து வயதுப் பிள்ளையை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப யாருக்கும் மனமில்லை. கூட்டிப் போகவோ ஆள் இல்லை. காலை ஆறரைக்குக் கம்பெனி வேன் வந்து அம்மாக்களை ஏற்றிப் போய்விடும். எட்டு ஒன்பது வயது வரை பிள்ளைகள் வீட்டில்தான்.

வீட்டில் என்றால் திரியோடு. நூலை வெடிமருந்துக் கரைசலில் தோய்த்து உலர்த்தினால் கருந்திரி. அதை அளவாக வெட்டிக் கட்டுக் கட்ட வேண்டும். லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் செய்யலாம் என்பது சட்டம். சீசனில் அருள்பாண்டி என்ற ஏஜெண்ட் மூட்டைகளைச் சின்ன வேனில் கொண்டுவந்து வீடு வீடாக இறக்குவான். கம்பெனி விட்டு வந்த அம்மாக்கள் சாயங்காலம் வெட்டுவார்கள். பகலில் பிள்ளைகள் வெட்டும். மூட்டையை வைக்க ஒரே இடம் கட்டிலுக்கு அடியில். அந்தக் கட்டிலில்தான் பிள்ளைகள் தூங்கும். ஓடைக்கரைப்பட்டியில் ஒரு பிள்ளையின் விரல் நுனிகளைப் பார்த்தாலே அந்த வீட்டில் திரி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அந்தக் கறுப்பு சோப்புக்குப் போகாது.

பாண்டிச்செல்விக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று தோன்றியது சேவை மனப்பான்மையால் அல்ல. அப்படிக் கேட்டால் அவளுக்கே சிரிப்பு வரும். எதிர் வீட்டு மாடத்தி அவளுக்கு மதினி முறை. அதற்கு முந்தின வருடம் மாடத்தியின் மகள் பிரீத்திகா தவழ்ந்து முடித்து நடக்கிற பருவம். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்து, பல் முளைக்கிற ஈறு அரிப்புக்குக் கருந்திரித் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தது. பாண்டிச்செல்வி பிள்ளையின் வாயில் விரலை விட்டு அதை எடுத்தாள். மறுநாளிலிருந்து பிரீத்திகாவையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஐந்து பதினொன்று ஆனது. வீடு போதவில்லை.

ஊர் ஓரத்தில் ஒரு பழைய தீப்பெட்டிக் கம்பெனிக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. சுற்றிலும் நல்ல சுவர், சிமெண்டுத் தரை, மேலே ஓட்டை இல்லாத தகரம். சாத்தூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் தங்கச்சாமி என்பவருடையது. அவரிடம் போய்க் கேட்டாள். அவர் சாவியை மேசையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

“பாப்பா, ஒண்ணு மட்டும். நான் குடுத்தேன்னு யார்ட்டயும் சொல்லாத.”

“யாராச்சும் கேட்டா என்ன சொல்ல அண்ணாச்சி?”

“சும்மா கெடந்துச்சு, தொறந்தேன்னு சொல்லு.”

அதை அவள் என்னிடம் சொன்னபோது நானும் சிரித்தேன்.

அவள் புருஷன் மாரீஸ்வரன் திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். அங்கே தப்பாக அச்சாகிக் கழித்த நாள்காட்டிகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டான். ஒரு பக்கம் தேதி, மறுபக்கம் வெள்ளை. பிள்ளைகள் அந்த வெள்ளையில் எழுதின; தேதிப் பக்கத்தில் எண் படித்தன.

“உலகத்துல எந்தப் பள்ளிக்கூடத்துலயாச்சும் பிப்ரவரி முப்பது உண்டா? எம் பொண்டாட்டி பள்ளிக்கூடத்துல உண்டு” என்று மாரீஸ்வரன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

“இருக்கட்டுமே. மாசம் ரெண்டு நாள் கூடக் கெடச்சா நமக்கு நல்லதுதான?” என்றாள் மாடத்தி.

பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு கண்டிப்பு. வாசலில் ஒரு தொட்டியில் தண்ணீர் இருக்கும். உள்ளே வருகிறவர் யாரானாலும் கை கால் கழுவ வேண்டும். குதிகால் வெடிப்பில் மருந்துத் தூள் ஒட்டியிருக்கும், சட்டைப் பையில் திரித் துண்டு கிடக்கும். பையைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போகலாம். அம்மாக்களுக்கும் அதே சட்டம். திரி, பசைச்சட்டி, தீப்பெட்டி எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது.

“கம்பெனி கேட்டுல கூட இம்புட்டுச் சோதனை இல்லையே, டீச்சரு” என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

“இருந்திருந்தா எங் கை நல்லாருந்திருக்கும்ல” என்பாள்.

காலைக் கழுவிக்கொண்டு வருவார்கள்.

ஆறரைக்கு வேன் புறப்பட்டதும் பிள்ளைகள் வந்துவிடும். சாயங்காலம் வேன் திரும்பும்வரை அங்கேதான். நான் எடை பார்ப்பேன், பூச்சி மாத்திரை கொடுப்பேன், சிரங்குக்கு மருந்து போடுவேன். நான்கு மாதத்தில் பதினேழு பிள்ளைகளின் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன. நான் அதை என் நோட்டில் எழுதி வைத்தேன். மற்றபடி எடை பெரிதாக ஏறவில்லை. அவள் ஒருத்தியால் சோறு போட முடியாது. பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பழையதுதான்.

அதனால்தான் அவள் அரசுப் பள்ளிக்கூடம் கேட்டாள். பிள்ளைகள் இருபதுக்கு மேல், பக்கத்துப் பள்ளிக்குப் போக வழி இல்லை, பாடம் நடத்தக் கட்டடம் இருக்கிறது — இந்த மூன்றையும் கல்வி அதிகாரி நேரில் பார்த்து எழுதினால், ஓடைக்கரைப்பட்டிக்கு ஒரு தொடக்கப் பள்ளி வரும். வாத்தியார் வருவார், காலையிலும் மத்தியானமும் சாப்பாடு வரும். மூன்று மனு போட்டாள். ஒரு முறை ஒருவர் மே மாதத்தில் வந்து, வறண்ட ஓடையைப் பார்த்து, “நடந்தா முக்கால் மணி நேரம்கூட ஆகாதேம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான்காவது மனுவை அவள் எழுதும்போது நான் கூட இருந்தேன். கடைசி வரியாக இதை எழுதினாள்: “ஐயா அவர்கள் வருவதாக இருந்தால் தயவுசெய்து மழை நாளில் வந்து பாருங்கள்.”

“நல்லா இருக்கு” என்றேன்.

2024 செப்டம்பரில் பதில் வந்தது. ராஜபாண்டியன் என்று புதிய அதிகாரி. அக்டோபரில் நேரில் வருவதாக எழுதியிருந்தார். அப்போது பள்ளியில் இருபத்து மூன்று பிள்ளைகள். பிரீத்திகாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. தன் பெயரை எழுதிவிட்டு, அடுத்தவர்கள் நாள்காட்டியிலும் தன் பெயரை எழுதி அடி வாங்குகிற பிள்ளை.

அந்த வருடம் தீபாவளி அக்டோபர் கடைசியில். சீசன் உச்சத்தில் இருந்தபோது மழை பிடித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கம்பெனி மழைக்கு விட்டதால் பெண்கள் சீக்கிரம் திரும்பி, பதினோரு பேராகப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்கள். எல்லோர் வீடும் ஒழுகியது. திரி நனைந்தால் வீண். அருள்பாண்டி அடுத்த வருடம் வேலை கொடுக்க மாட்டான். ஊரிலேயே ஒழுகாத கூரை இது ஒன்றுதான்.

“ராத்திரிக்கு மட்டும்தான் கேக்கோம். பிள்ளைக போன பெறகு வைக்கோம், விடியுமுன்ன எடுத்துருதோம்” என்றாள் மாடத்தி.

“முடியாது மதினி.”

“இன்னைக்கு எங்க வீட்டுல கட்டில் அடியிலயும் தண்ணி. மூட்டையக் கட்டில் மேல வச்சிருக்கேன். பிள்ளைக எங்கன படுக்கும்? மூட்டை மேலயா?”

பாண்டிச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் யோசித்தேன். இரவில் பள்ளிக்கூடத்தில் யாரும் படுப்பதில்லை. அடுப்பில்லை, விளக்கில்லை. பதினோரு வீடுகளில் பிள்ளைகளோடு கிடக்கிற திரி, ஆளில்லாத ஓர் இடத்தில் பூட்டிக் கிடப்பது பிள்ளைகளுக்கு நல்லது. வார்டில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் கணக்கு அப்படித்தான் வரும்.

“அது சரிதான். ராத்திரி பிள்ளைககிட்ட இருக்கிறதைவிட இங்க இருக்கட்டும்” என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். பிறகு யாரும் அதை என்னிடம் திருப்பிக் கேட்கவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அவள் ஒப்புக்கொண்டாள். காலை ஆறு மணிக்குள் எல்லா மூட்டையும் வெளியே போய்விட வேண்டும், அதன்பின் தரையைக் கழுவிவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே வரும், ஒரு மூட்டை உள்ளே இருந்தாலும் பள்ளிக்கூடம் திறக்காது. ஆறு நாள் அப்படியே நடந்தது. பெண்கள் விடியும்முன் எடுத்தார்கள், அவள் கழுவினாள்.

அடுத்த செவ்வாய்க்காக நான் திங்கட்கிழமையே வந்து அவள் வீட்டில் தங்கிவிட்டேன், பஸ் நிச்சயமில்லை என்பதால். செவ்வாய் காலை விடிந்தபோது ஓடை தரைப்பாலத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. கம்பெனி வேன் அக்கரையிலேயே திரும்பிவிட்டது. மூட்டைகளை எடுத்துப் போக வரவேண்டிய அருள்பாண்டியின் வேனும் வரவில்லை. மழை விடவில்லை. மூட்டைகளை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் பெண்கள் நின்றார்கள். மூட்டைகள் உள்ளேயே இருந்தன.

பாண்டிச்செல்வி பள்ளிக்கூடத்தைத் திறக்கவில்லை. பிள்ளைகளைத் தண்ணீர்த் தொட்டி மேடையில் உட்கார வைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள். பத்து மணி இருக்கும். அக்கரையில் ஒரு ஜீப் வந்து நின்றது. ஒருவர் இறங்கி, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டி, செருப்பைக் கையில் எடுத்தார். பின்னால் குடை பிடித்து ஒரு பெண். தண்ணீரில் இறங்கி, தடியை ஊன்றி ஊன்றி, மெதுவாக வர ஆரம்பித்தார்கள்.

“யாரு அது, திரிக்கு வந்தவுகளா?” என்று ஒருத்தி கேட்டாள்.

பாண்டிச்செல்விதான் முதலில் புரிந்துகொண்டாள். “மழ நாள்ல வரச் சொன்னேம்லா. வாராக” என்றாள்.

அவர்கள் இக்கரை சேரப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

மாடத்தி ஓடி வந்தாள். “ஏட்டி, சாவியக் கொண்டா. மூட்டையெல்லாம் செவுத்தோரம் பரப்பிப்போட்டு மேல பாய விரிச்சிருவோம். பாய் மேல பிள்ளைகள உக்கார வையி. பெரிய மனுசன் பிள்ளைய எந்திரிக்கச் சொல்லிப் பாயத் தூக்கியா பாக்கப் போறாரு?”

“முடியாது.”

“பத்து நிமிசம்டி! வந்து பாத்துட்டுப் போயிருவாக. மூணு வருசமா எதுக்கு மனு எழுதுன?”

“திரி மேல பிள்ளைகள உக்கார வைக்கவா எழுதுனேன்?”

“வீட்டுல தெனமும் அது மேலதான படுக்குதுக!”

“அது ஒங்க வீடு மதினி. இது பள்ளிக்கூடம்.”

இன்னொருத்தி மூட்டைகளைத் தூக்கி மழையில் வெளியே போடலாம் என்றாள். பதினோரு வீட்டுச் சீசன் வேலை அது. அவளே சொல்லிவிட்டு அவளே நகரவில்லை. எனக்குப் பாய் யோசனை சரியென்றுதான் பட்டது. பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அது தப்பு. எல்லா விபத்திலும் யாரோ ஒருவர் நினைத்ததுதான் அது.

அதிகாரி வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். தொடை வரை நனைந்திருந்தும் சிரித்துக்கொண்டே வந்தார்.

“நீங்கதான் மழை நாள்ல வரச் சொன்னதா? வந்துட்டேன்மா. நான் வந்த வழில ஆறு வயசுப் பிள்ளை வர முடியாது. அதை அப்படியே எழுதிடறேன். பிள்ளைங்க எத்தனை?”

“இருவத்தி மூணு சார்.”

அவர் தார்ப்பாய்க்குக் கீழே தலையை நீட்டி எண்ணினார். பிரீத்திகா எழுந்து நின்று, கேட்காமலே, பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாள். பாதிக்கு மேல் தப்பு. அவர் கைதட்டினார்.

“ஏன்மா பிள்ளைங்க வெளிய இருக்கு? கட்டடம் இருக்குன்னு எழுதியிருந்தீங்களே?”

“உள்ள ஒழுகுது சார்” என்றாள் மாடத்தி, அவசரமாக.

“ஒழுகுதா? அப்ப அதைத்தான் நான் பாக்கணும். புதுக் கட்டடத்துக்கே எழுதலாமே. திறங்க.”

பெண்கள் பாண்டிச்செல்வியைப் பார்த்தார்கள். அவர் இன்னொரு முறை, சிரித்தபடியே, “திறங்கம்மா” என்றார்.

பாண்டிச்செல்வி சாவியை எடுத்தாள். இடது கையால் பூட்டைத் திறந்தாள். “ஒழுகல சார். உள்ள திரி இருக்கு. அதான் பிள்ளைகள வெளிய வச்சிருக்கேன்” என்றாள்.

அதிகாரி வாசலில் நின்று பார்த்தார். சுவரில் நாள்காட்டித் தாள்கள், பிள்ளைகள் எழுதிய பெயர்கள். தரையில் வரிசையாகப் பதினெட்டு மூட்டை. அவர் உள்ளே கால் வைக்கவில்லை. கூட வந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். அவள் அந்தப் பகுதியின் வி.ஏ.ஓ.; இடத்தை அளந்து காட்ட அவரே கூட்டி வந்திருந்தார். ஸ்ரீமதி என்று பெயர், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகாத பெண்.

“நீங்க பாக்கலைன்னு வச்சுக்கலாமாம்மா?” என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. “சார், எனக்கு முன்னால இருந்தவர் பக்கத்து ஊர்ல அப்படித்தான் பாக்காத மாதிரி போனார். அந்த ஊர்ல ரெண்டு பேர் செத்தாங்க. அவர் இன்னும் சஸ்பென்ஷன்ல இருக்கார். நான் பாத்துட்டேன் சார்.”

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மத்தியானம் தண்ணீர் வடிந்ததும் போலீஸ் வந்தது. மூட்டைகளை எடுத்துப் போனார்கள். கதவில் சீல் வைத்தார்கள். யாருடைய திரி என்று கேட்டார்கள்.

“எம் மூட்டையும் அதுல இருக்கு, எம் பேரையும் எழுதுங்க” என்று மாடத்தி முன்னால் வந்தாள்.

“வாய மூடுங்க மதினி” என்றாள் பாண்டிச்செல்வி. “சாவி எங்கிட்டதான் இருந்துச்சு சார். வேற யாருக்கும் தெரியாது.”

தங்கச்சாமியிடம் விசாரித்தபோது, கொட்டகை பூட்டிக் கிடந்தது, யார் திறந்தார்கள் என்று தெரியாது என்று எழுதிக் கொடுத்தார். சும்மா கிடந்தது, திறந்தேன் என்றுதான் அவளும் சொல்லியிருந்தாள். ஆக, அத்துமீறித் திறந்த குற்றமும் சேர்ந்தது. அருள்பாண்டியின் பெயரை அவள் சொன்னாள். அவன் ஊரில் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். தீபாவளிக்குப் பிறகு வந்துவிட்டான்.

பதின்மூன்று நாள் உள்ளே இருந்தாள். ஜாமீனில் வந்ததும் தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ராஜபாண்டியன் தன் அறிக்கையில் ஓடையைப் பற்றி, பிள்ளைகளின் எண்ணிக்கை பற்றி எல்லாம் நல்லபடியாகத்தான் எழுதியிருந்தார். கட்டடம் என்ற இடத்தில் இல்லை என்று எழுத வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் வராமல் போக அது ஒன்றே போதும்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போயின. அவள் தன் வீட்டில் ஐந்தாறு பேரை வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப மணி ஒன்றாகிவிடும். திரி வழக்கில் உள்ளே போய் வந்தவள் வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பினால் போலீஸ் தன் வீட்டுக்கும் வரும் என்று சிலர் பயந்தார்கள். தீபாவளி முடிந்து, வேலை அடங்கி, தை பிறந்ததும் அடுத்த சீசனுக்கான திரி வர ஆரம்பித்தது.

ஜனவரி மாதம், பகல் பதினொன்றரை. மாடத்தி கம்பெனியில் இருந்தாள். பாண்டிச்செல்வி ஸ்டேஷனிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருந்தாள். பிரீத்திகா வீட்டுக்குள் திரி வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வயதுத் தம்பி வாசலில் விளையாடிக்கொண்டிருந்ததால் தப்பித்தான். எதனால் பற்றியது என்று தெரியாது. கத்திரிக்கோல் தரையில் விழுந்திருக்கலாம், டப்பாவை இழுத்திருக்கலாம். திரி பற்ற அதற்கு மேல் தேவையில்லை.

ஓய்வு பெற்று ஒன்பது வருடத்துக்குப் பிறகு நான் அந்த வார்டுக்குள் போனேன். உடம்பில் அறுபது சதவீதத்துக்கு மேல் தீக்காயம். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த எண்ணைக் கேட்டபிறகு நான் மருத்துவரிடம் வேறெதுவும் கேட்கவில்லை. மாடத்தி கேட்டாள்; நான் பொய் சொல்லவில்லை. மூன்றாம் நாள் காலையில் முடிந்தது. மறுநாள் காலையில் எடுத்தார்கள். பாண்டிச்செல்வி பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் கூடப் போக முடியவில்லை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்றாலும், ஊர் எல்லை வரை போயிருப்பாள்.

மார்ச்சில் வழக்கு விசாரணைக்கு வந்தது. அவளுக்காக ஆஜரான வக்கீல் லட்சுமிகாந்தம் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் வைத்து இரண்டு வழி சொன்னார்.

“திரி எங்களோடது, அவங்களுக்கு சம்பந்தமில்ல, மழைக்கு ஒதுக்கினோம்னு அந்தப் பொம்பளைங்க கூண்டுல ஏறிச் சொன்னா உங்களை வெளிய கொண்டுவந்துருவேன். ஆனா அவங்க மேல கேஸ் போகும். இல்லைன்னா, குத்தத்தை நீங்களே ஒத்துக்கங்க. அபராதத்தோட முடியும். ஒண்ணு மட்டும், தண்டனைன்னு உங்க பேர்ல ஏறிரும். பள்ளிக்கூடம், பால்வாடி, பிள்ளைங்க சம்பந்தப்பட்ட எதுக்கும் உங்க பேர்ல இனி அனுமதி வராது.”

மாடத்தி கூட வந்திருந்தாள். பிள்ளை போனபிறகு அவள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

“நான் ஏறிச் சொல்லுதேன். என்னைய உள்ள போடட்டும். எனக்கு இனி என்ன?”

“சின்னவன் இருக்காம்லா” என்றாள் பாண்டிச்செல்வி.

“நீ பாத்துக்க மாட்டியா?”

“நான் பாத்து என்ன ஆச்சு, மதினி?”

மாடத்தி டீயைத் தள்ளி வைத்தாள். “அன்னைக்குப் பாயப் போட விட்டிருக்கலாம்ல” என்றாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. தினமும் நினைத்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

“விட்டிருக்கலாம்” என்றாள் பாண்டிச்செல்வி.

அதை அவள் மனதறிந்து சொன்னாளா, மாடத்திக்காகச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. கூப்பிட்டதும் உள்ளே போனாள். ஒத்துக்கொண்டாள். இடது கையால் கையெழுத்துப் போட்டாள். பதினோரு பெண்களும் அடுத்த நாள் வேனில் வேலைக்குப் போனார்கள்.

இப்போது அவள் நாரணாபுரத்தில் பட்டாசுப் பெட்டி மடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு விரலால் மடிக்கிறாள்; வேகம் குறைவு. நாள்காட்டிக் கழிவைக் கொண்டுவருவதை மாரீஸ்வரன் நிறுத்திவிட்டான். கொட்டகைக் கதவில் சீல் அப்படியே இருக்கிறது. வழக்கு முடிந்தபிறகு சாவியைத் தங்கச்சாமியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சீலை உடைக்க மனுப் போட வேண்டும், அவர் போடவில்லை. ராஜபாண்டியன் மாற்றலாகிப் போய்விட்டார்.

நான் செவ்வாய்க்கிழமை தோறும் போகிறேன். எடை மிஷினைத் தண்ணீர்த் தொட்டி மேடையில் வைத்துப் பார்க்கிறேன். பட்டியலில் இப்போது இருபத்திரண்டு பிள்ளைகள். போன வாரம் எல்லோர் கையையும் திருப்பிப் பார்த்தேன். பத்தொன்பது பேருக்கு விரல் நுனி கறுப்பு. மாடத்தியின் மகனுக்கு மூன்று வயது முடியப்போகிறது. அவனுக்கு இரண்டு விரலில்தான் ஆரம்பித்திருக்கிறது.